நானோ மின்னணுப் பொருள்களை ஆராயும் பேராசிரியர் பணி: மதுரையில் இருந்தபடியே சாத்தியமா?

திருநகர் மாணவி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மதுரையை அடுத்த ஒரு பொறியியல் கல்லூரியில் வி.எல்.எஸ்.ஐ. (சில்லுச் சுற்று) வடிவமைப்பில் எம்.இ. இறுதிப் பருவம் படிக்கிறேன். முனைவர் பட்டம் பெற்று, நானோ மின்னணுவியலுக்கான புதிய பொருள்களை ஆராயும் பேராசிரியராக வேண்டும் என்பது என் விருப்பம். இரண்டு பேராசிரியர்கள் என்னை ஆய்வு மாணவியாகச் சேர்த்துக்கொள்ள இசைந்திருக்கிறார்கள். ஒருவரிடம் சேர்ந்தால், சுரங்க விளைவில் (எலெக்ட்ரான்கள் மெல்லிய தடையை ஊடுருவிச் செல்லும் விளைவு) இயங்கும் டிரான்சிஸ்டர்களை, சாதனங்களைக் கணினியில் மாதிரியாக்கும் டி-கேட் மென்பொருளில் சிமுலேஷன் செய்யும் ஆய்வு. மற்றவரிடம் சேர்ந்தால், கரைசல் முறையில் ஆக்சைடு மென்படலங்களைத் தயாரித்து அவற்றின் மின்பண்புகளை அளக்கும் ஆய்வு. முதலாவதில் கட்டுரைகள் விரைவாக வரும் என்றும், இரண்டாவதில் காலம் நீளும் என்றும் சீனியர்கள் சொல்கிறார்கள். வீட்டுச் சூழலால் அடுத்த சில ஆண்டுகளுக்கு நான் மதுரையை விட்டு வெளியே தங்கிப் படிக்க இயலாது.

இத்துறைப் பேராசிரியர் ஒருவரின் பணிவாழ்வு உண்மையில் எப்படி நகர்கிறது, பெரிய தூய அறை (தூசு நீக்கிய சில்லு ஆய்வுக்கூடம்) இல்லாத ஊரில் அது சாத்தியமா, இந்த இரண்டு வழிகளில் எது அதற்கு அடித்தளமாகும் என்பதை அனுபவம் உள்ளவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

நாகமலை எழுதியது:

அம்மா, நீங்கள் இடத்தைப் பற்றிக் கவலைப்படுகிறீர்கள். ஆய்வுக் கேள்வியைப் பற்றித்தான் முதலில் கவலைப்பட வேண்டும். நான் இப்பகுதியில் நெடுங்காலமாக ஆக்சைடு மென்படலங்களில் வேலை செய்துவரும் பேராசிரியன் என்பதால், என் சார்பு எந்தப் பக்கம் என்பதை முன்பே சொல்லிவிட்டு எழுதுகிறேன்.

மின்னணுவியல் பொறியாளர்கள் பொருளறிவியலுக்குள் ஏன் வர நேர்ந்தது என்பதை அறிந்துகொண்டால், இந்தப் பணி எதைக் கேட்கிறது என்பது விளங்கும். 1965-இல் கோர்டன் மூர், சில்லில் அடங்கும் உறுப்புகளின் எண்ணிக்கை ஆண்டுதோறும் இரட்டிக்கும் என்ற தம் கணிப்பை எழுதிய காலம் தொட்டு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள், சிலிக்கானும் அதன் மேல் வெப்பத்தால் வளரும் சிலிக்கான் டை ஆக்சைடும் போதுமானவையாக இருந்தன. அளவுகளைச் சுருக்குவதே பொறியாளரின் வேலையாக இருந்தது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்த ஆக்சைடுப் படலம் 1.2 நானோமீட்டர் அளவுக்கு மெலிந்தபோது, எலெக்ட்ரான்கள் சுரங்க விளைவால் அதை நேராகக் கடக்கத் தொடங்கின. டிரான்சிஸ்டர் அணைந்திருக்கும் நேரத்திலும் அதைக் கட்டுப்படுத்தும் முனையான கேட் வழியாகக் கசிவு மின்னோட்டம் ஓடியது. படலத்தைத் தடிப்பாக்கினால் மின்தேக்குத்திறன் குறைந்து, கேட்டுக்குக் கீழுள்ள தடத்தின் மேல் அதன் கட்டுப்பாடு தளரும். ஆகவே ஒப்புமை விடுதிறன் (மின்னூட்டத்தைத் தேக்க ஒரு பொருள் எவ்வளவு உதவுகிறது என்பதன் அளவு) 3.9 கொண்ட சிலிக்கான் டை ஆக்சைடின் இடத்தில், அது 20-ஐ ஒட்டியுள்ள ஹாஃப்னியம் ஆக்சைடு வகைப் பொருளை வைத்தார்கள். ஐந்து மடங்கு தடிப்பிலும் அதே மின்தேக்குத்திறன் கிடைக்கும். தடிப்பு கூடக் கூடச் சுரங்க மின்னோட்டமோ பன்மடங்காகச் சரியும். 2007-இல் இன்டெல் நிறுவனம் 45 நானோமீட்டர் தொழில்நுட்பத்தில் இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது.

இந்த மாற்றத்துக்கு முன்னால் பல ஆண்டுகள் எத்தனையோ ஆய்வகங்களில் நடந்த வேலை வெளியே தெரிவதில்லை. இடைமுகத்தில் எவ்வளவு மின்னூட்டம் சிக்குகிறது, எந்த வெப்பநிலையில் படலம் படிகமாகிக் கசிவுக்கு வழிவிடுகிறது, எந்த உலோகம் அதன் மேல் நிலைத்து நிற்கிறது என்று ஒவ்வொன்றாக அளந்தவர்களின் உழைப்பு அது. தீர்ந்துபோனதாகக் கருதப்பட்ட அதே ஹாஃப்னியம் ஆக்சைடு, சிறிது சிலிக்கான் கலந்து மெல்லிய படலமாக்கப்பட்டால் ஃபெர்ரோ மின்தன்மை (மின்னழுத்தம் நீங்கிய பிறகும் மின்முனைவைத் தக்கவைக்கும் தன்மை) காட்டுகிறது என்று 2011-இல் ஜெர்மனியிலிருந்து ஓர் ஆய்வுக் கட்டுரை வந்தது; அதிலிருந்து நினைவகச் சில்லுகளுக்கான ஒரு புதிய ஆய்வுத் துறையே கிளைத்துவிட்டது. பழகிய பொருளைப் பொறுமையாக அளந்துகொண்டிருப்பவருக்குக் கிடைக்கும் பரிசு இப்படிப்பட்டது.

என் கருத்து இதுதான்: இத்துறையில் ஒரு பேராசிரியரின் பெயர், அவர் வெளியிட்ட அளவீடுகளை மற்றவர்கள் நம்பி எடுத்தாள முடிகிறதா என்பதைப் பொறுத்தே நிற்கிறது. அப்படிப்பட்ட அளவீட்டை மதுரையிலும் செய்ய முடியும். ஆகவே இரண்டாவது வழியைப் பரிந்துரைக்கிறேன்.

பாண்டியன் விரைவுவண்டி எழுதியது:

நாகமலை ஐயாவின் வரலாற்று விளக்கத்தை மதிக்கிறேன்; ஆனால் சிமுலேஷன் ஆய்வைக் குறுக்கு வழியாகக் கருதும் தொனி நியாயமானதாக எனக்குப் படவில்லை. நான் மதுரையில் சிமுலேஷன் ஆய்வில் முனைவர் பட்டம் பெற்று, இப்போது பெங்களூருவில் சாதன மாதிரிகளை உருவாக்கும் குழுவில் பணியாற்றுகிறேன். எந்தச் சில்லுத் தயாரிப்பு ஆலையும் சிமுலேஷன் இல்லாமல் ஒரு புதிய டிரான்சிஸ்டரைத் தொடங்குவதில்லை. 2008-இல் பர்டியூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சயீஃப் சலாவுதீனும் சுப்ரியோ தத்தாவும் ஃபெர்ரோ மின்படலத்தால் கேட் மின்னழுத்தத்தைப் பெருக்கிக்கொள்ளும் எதிர்மறை மின்தேக்குத்திறன் பற்றிய கருத்தை முன்வைத்தபோது அவர்களிடம் அந்தச் சாதனம் இல்லை. இருந்தது கோட்பாடும் கணக்கும்தான். அந்தக் கணக்கைத் தொடர்ந்துதான் உலகெங்கும் சோதனைகள் நடந்தன.

இன்னொரு நடைமுறைச் செய்தியையும் சொல்ல வேண்டும். தூய அறை இல்லாத ஊரில் இருக்கும் மாணவிக்கு, பழுதான உலைக்கும் வராத உதிரிபாகத்துக்கும் காத்திருந்து ஆராய்ச்சி உதவித்தொகையின் காலம் முடிந்துபோகும் நிலை நேரக் கூடாது. மென்பொருள் உரிமமும் நல்ல கணினியும் இருந்தால் மதுரை மாணவியும் மும்பை மாணவியும் ஒரே நிலையில் நிற்கிறார்கள்.

நாகமலை எழுதியது:

தம்பி, சிமுலேஷனை நான் குறைத்து மதிப்பிடவில்லை. நீங்கள் சொன்ன சலாவுதீன், தத்தா ஆகியோரின் கட்டுரை புதிய இயற்பியலை முன்வைத்தது. நம் பகுதிக் கல்லூரிகளிலிருந்து வரும் சிமுலேஷன் கட்டுரைகளில் பெரும்பாலானவை அப்படிப்பட்டவை அல்ல என்பதுதான் என் வருத்தம்.

சுரங்க விளைவு டிரான்சிஸ்டரையே எடுத்துக்கொள்வோம். சாதாரண டிரான்சிஸ்டரில் மின்னோட்டத்தைப் பத்து மடங்கு மாற்றுவதற்கு அறை வெப்பநிலையில் குறைந்தது 60 மில்லிவோல்ட் கேட் மின்னழுத்தம் வேண்டும். எலெக்ட்ரான்களின் வெப்ப ஆற்றல் விதிக்கும் எல்லை அது. சுரங்க விளைவில் இயங்கும் சாதனம் அந்த எல்லையைக் கடக்கலாம் என்பதுதான் அதன் கவர்ச்சி. மென்பொருளில் 30, 20 என்று மிகத் தாழ்ந்த மதிப்புகள் எளிதாக வந்துவிடுகின்றன. உண்மையான பொருளிலோ, படிகக் குறைபாடுகளும் இடைமுகச் சிக்கல் நிலைகளும் எலெக்ட்ரான்களுக்குப் பக்கவழி அமைத்துக் கொடுப்பதால் அந்தச் சரிவு மழுங்கிவிடுகிறது; இயங்குநிலை மின்னோட்டமும் தேவையான அளவுக்கு எழுவதில்லை. அந்தக் குறைபாடுகளைக் கணக்கில் சேர்க்காமல், கேட்டின் வடிவத்தை மட்டும் மாற்றி மாற்றி ஒரே வகைக் கட்டுரையைப் பலமுறை வெளியிடும் பழக்கம் மாணவர்களின் காலத்தைத் தின்றுகொண்டிருக்கிறது. வெளியான ஒரு சோதனைத் தரவோடு மாதிரியை ஒப்பிட்டுச் சரிசெய்த பிறகே முடிவுகளை எழுதும் வழிகாட்டி கிடைத்தால், சிமுலேஷன் ஆய்வும் நல்ல ஆய்வுதான். அந்தத் தேர்வு மாணவியின் கையில் இல்லாமல், வழிகாட்டியின் பழக்கத்தில் இருக்கிறது.

அளவீட்டிலும் இதே ஆபத்து உண்டு என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். 2004-இல் தனியாகப் பிரித்தெடுக்கப்பட்ட, ஓரணுத் தடிப்புள்ள கார்பன் தாளான கிராஃபீனுக்கு ஆற்றல் இடைவெளி (எலெக்ட்ரான்கள் இருக்க முடியாத ஆற்றல் பகுதி) இல்லாததால், அதில் செய்த டிரான்சிஸ்டரை முழுமையாக அணைக்க முடியவில்லை. ஆகவே ஓரடுக்கில் ஏறத்தாழ 1.8 எலெக்ட்ரான் வோல்ட் இடைவெளி கொண்ட மாலிப்டினம் டைசல்பைடின் பக்கம் கவனம் திரும்பியது. 2011-இல் சுவிட்சர்லாந்துக் குழுவொன்று அதில் செய்த டிரான்சிஸ்டருக்கு வோல்ட்-நொடிக்கு 200 சதுர சென்டிமீட்டரை ஒட்டிய எலெக்ட்ரான் இயக்க எண்ணை (எலெக்ட்ரான்கள் எவ்வளவு எளிதாக நகர்கின்றன என்பதன் அளவு) அறிவித்தது. இரண்டு கேட்டுகளுக்கு இடையிலான மின்தேக்கு இணைப்பைக் கணக்கில் கொள்ளாததால் அந்த மதிப்பு மிகையானது என்று 2013-இல் வேறு இருவர் எடுத்துக் காட்டினார்கள். அந்தச் சாதனத்தின் பெருமை அதனால் குறையவில்லை. ஆனால் அதன் பிறகு இத்துறையில் இயக்க எண்ணை அறிவிக்கும் முறையே கவனமானதாக மாறியது. அப்படிச் சுட்டிக்காட்டுவதற்கு ஒரு புதிய தூய அறை தேவைப்படவில்லை. மின்தேக்கியைப் பற்றிய தெளிவுதான் தேவைப்பட்டது.

ஊமச்சிகுளம் எழுதியது:

ஆய்வின் உள்ளடக்கத்தைப் பற்றிப் பெரியவர்கள் எழுதிவிட்டார்கள். பணியின் அன்றாடத்தைப் பற்றி யாரும் எழுதவில்லை என்பதால், சுயநிதிக் கல்லூரி ஒன்றில் இணைப் பேராசிரியராக இருக்கும் நான் எழுதுகிறேன்.

தங்கையே, உதவிப் பேராசிரியருக்கு வாரத்துக்கு 16 மணி நேரம், பேராசிரியருக்கு 14 மணி நேரம் என்று பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018-ஆம் ஆண்டு விதிகள் கற்பித்தல் நேரத்தை வரையறுக்கின்றன. தாளில் உள்ள அந்த நேரத்துக்கு மேல் தரச்சான்றுக் கோப்புகள், சேர்க்கைக் காலப் பயணங்கள், தேர்வுப் பணி, வேலைவாய்ப்புப் பயிற்சி என்று நாள் முழுவதும் நிரம்பிவிடும். நான் முன்பு பணியாற்றிய கல்லூரியில், மென்படலத்தைச் சூடேற்றும் உலை ஓடிக்கொண்டிருக்கும்போதே கூட்டத்துக்கு அழைப்பு வரும். திரும்பி வருவதற்குள் மாதிரி வீணாகியிருக்கும். ஆகவே எங்கு வேலைக்குச் சேர்ந்தாலும், ஆய்வுக்கென்று வாரத்தில் தொடர்ச்சியான ஒரு முழு நாளைக் கேட்டு, அதைக் கால அட்டவணையில் எழுத்தில் பெறுங்கள். துண்டு துண்டாகக் கிடைக்கும் மணி நேரங்களில் கட்டுரை எழுதலாம். சோதனை செய்ய இயலாது.

பணத்தைப் பற்றியும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். மத்திய அரசின் இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய். முதுநிலைக்கு 42,000 ரூபாய். வழிகாட்டியின் கையில் நிதி பெற்ற திட்டம் இருந்து, அதற்குரிய தகுதியோடு அதில் நீங்கள் சேர்ந்தால் இது கிடைக்கும். திட்டம் இல்லையென்றால், கல்லூரி தரும் சிறு தொகையை நம்பியோ பகுதி நேரமாகவோ ஆய்வைத் தொடர வேண்டியிருக்கும். சேர்வதற்கு முன் இதைக் கேட்பதில் தயக்கமே வேண்டாம். கேட்கும் மாணவியைத் தவறாக நினைக்கும் வழிகாட்டியிடம் பல ஆண்டுகள் இருப்பது கடினம்.

செட்டிநாட்டு மின்வேதி எழுதியது:

இடத்தைப் பற்றிய கேள்விக்கு நான் பதில் சொல்ல முயல்கிறேன். நான் காரைக்குடிப் பக்கத்தில் மென்படல ஆய்வில் இருப்பவன். வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால்தான், 1948-இல் அடிக்கல் நாட்டப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகம் 1953-இல் இங்கே திறக்கப்பட்டது. மதுரையில் கருமுத்து தியாகராசச் செட்டியார் 1957-இல் பொறியியல் கல்லூரியைத் தொடங்கினார்; 1966-இல் பல்கலைக்கழகம் வந்தது. இரண்டு மணி நேரப் பேருந்துப் பயணத்துக்குள் இயற்பியல், வேதியியல், மின்வேதியியல் மூன்றிலும் அறிஞர்கள் இருக்கும் பகுதி இது. கருவிகளைவிட, உங்கள் தரவைப் பார்த்துக் குறை சொல்லக்கூடிய மனிதர்கள் அருகில் இருப்பது ஆய்வுக்கு அதிகம் உதவும்.

கரைசல் முறை ஆக்சைடுகளுக்குத் தேவையானவை எட்டாக்கனிகள் அல்ல. சுழற்றிப் பூசும் கருவி, சூட்டுத் தட்டு, குழாய் உலை, ஆவிப்படிவுக் கருவி, மின்தேக்குத்திறனையும் கசிவு மின்னோட்டத்தையும் அளக்கும் மின்னணுக் கருவிகள், ஊசிமுனை நிலையம் ஆகியவை போதும். அணு அடுக்குப் படிவும் (படலத்தை அடுக்கடுக்காக வளர்க்கும் முறை) எலெக்ட்ரான் கற்றை அச்சும் (நுண்ணிய வடிவங்களை வரையும் முறை) தேவைப்படும்போது, மத்திய மின்னணுவியல் அமைச்சகத்தின் ஆதரவில் 2008-இல் தொடங்கிய இந்திய நானோ மின்னணுவியல் பயனர் திட்டம் இருக்கிறது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்திலும் மும்பை ஐ.ஐ.டி.யிலும் தொடங்கிய அத்திட்டம் இப்போது சென்னை ஐ.ஐ.டி. உட்பட மேலும் சில இடங்களுக்கு விரிந்திருக்கிறது. முன்மொழிவு ஏற்கப்பட்டால் வெளிக்கல்லூரி மாணவர்களும் அங்குள்ள தூய அறையில் வேலை செய்யலாம். மைசூரு விரைவு வண்டியில் இரவு ஏறினால் காலையில் பெங்களூருவில் இறங்கலாம், குடிபெயர வேண்டியதில்லை.

ஆனால் உள்ளூரில் கவனமாக இருக்க வேண்டியவை உண்டு. கரைசல் முறைப் படலங்களில் ஹைட்ராக்சில் தொகுதிகள் எஞ்சியிருந்தால், காற்றின் ஈரத்தை அவை உறிஞ்சிக்கொள்ளும். ஐப்பசி மழைக்காலத்தில் அளந்த கசிவு மின்னோட்டமும் சித்திரை வெயிலில் அளந்ததும் ஒத்துப்போகாது. ஒவ்வோர் அளவீட்டோடும் அறை வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் குறித்து வைக்க வேண்டும். மாதிரிகளைச் சிலிக்கா ஜெல் இட்ட உலர்கலத்தில் வைக்க வேண்டும். நம் ஊர்க் கடின நீரில் கழுவிய சிலிக்கான் தகட்டில் சோடியம் ஒட்டிக்கொண்டால், அது ஆக்சைடுக்குள் நகர்ந்து மின்னழுத்த அளவீட்டையே இடம்பெயர்த்துவிடும். ஆகவே அயனி நீக்கிய நீர் இல்லாமல் எதையும் தொடங்கக் கூடாது. தகட்டின் மேலுள்ள இயல்பான ஆக்சைடை நீக்கப் பயன்படும் ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தைப் பற்றி இங்கே அழுத்திச் சொல்கிறேன்: நீர்த்த நிலையில் அது தோலில் பட்டால் உடனே வலிக்காது, உள்ளே இறங்கி உடலின் கால்சியத்தைப் பிணைத்து உயிருக்கே ஆபத்தாகலாம். கால்சியம் குளுக்கோனேட் களிம்பு கைக்கெட்டும் இடத்தில் இல்லாத ஆய்வகத்தில் அந்தப் புட்டியைத் திறக்கவே கூடாது. எந்த வழிகாட்டியிடம் சேர்ந்தாலும் அந்தக் களிம்பு எங்கே இருக்கிறது என்று முதல் நாளே கேளுங்கள்.

திருநகர் மாணவி எழுதியது:

இவ்வளவு விரிவாக எழுதிய எல்லோருக்கும் நன்றி. எனக்கு இன்னும் இரண்டு ஐயங்கள் இருக்கின்றன. பொருள்களை ஆராய்வதென்றால் இயற்பியல் துறையில் முனைவர் பட்டம் பெறுவதே மேல் என்று ஒருவர் சொன்னார். மின்னணுவியல் துறையில் பேராசிரியராக விரும்பும் எனக்கு அது பொருந்துமா? மேலும், கரைசல் முறைப் படலங்கள் தொழிற்சாலைகளுக்கு உண்மையில் பயன்படுமா, அல்லது கட்டுரைகளோடு நின்றுவிடுமா?

நாகமலை எழுதியது:

முதல் ஐயத்துக்குப் பதில் சுருக்கமானது. அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் விதிகளின்படி, பொறியியல் துறையில் ஆசிரியராகச் சேர அந்தந்தப் பிரிவில் பி.இ., எம்.இ. பட்டங்கள் வேண்டும், இணைப் பேராசிரியர் நிலைக்கும் அதற்கு மேலும் செல்ல முனைவர் பட்டம் வேண்டும். இயற்பியலில் மட்டும் பட்டங்கள் பெற்றவர் எவ்வளவு சிறந்த நானோ பொருள் ஆய்வாளராக இருந்தாலும், பொறியியல் கல்லூரியில் அறிவியல் துறைக்குத்தான் செல்ல முடியும். உங்களிடம் இரண்டு பொறியியல் பட்டங்கள் இருக்கப்போகின்றன. மின்னணுவியல் துறையிலேயே பதிவுசெய்யுங்கள். ஆனால் இயற்பியலார் ஒருவரை இணை வழிகாட்டியாகவோ ஆய்வுக் குழு உறுப்பினராகவோ சேர்த்துக்கொள்ளுங்கள். படிக அமைப்பைக் காட்டும் எக்ஸ் கதிர் விளிம்பு விளைவு வரைபடத்தில் ஒரு முகட்டைப் பார்த்து, அது படலத்திலிருந்து வருகிறதா அடித்தளத்திலிருந்து வருகிறதா என்று கேட்பவர் அவர்தான்.

இரண்டாவது ஐயம் ஆழமானது. கணினியின் மையச் சில்லில் கரைசல் முறைப் படலம் இடம்பெறும் என்று நான் எந்த மாணவரிடமும் சொல்வதில்லை. அங்கே ஒரு சுழற்சிக்கு ஓர் ஆங்ஸ்ட்ராம் அளவில் வளரும் அணு அடுக்குப் படிவோடு போட்டியிட முடியாது. ஆனால் மின்னணுவியல் என்பது மையச் சில்லு மட்டும் அன்று. 2004-இல் ஜப்பானில் ஹிடியோ ஹொசோனோவின் குழு, இண்டியம், காலியம், துத்தநாகம் சேர்ந்த படிகமற்ற ஆக்சைடால் வளையும் தகட்டின் மேல் டிரான்சிஸ்டர் செய்து காட்டியது. அந்தப் பொருள் இன்று காட்சித்திரைகளுக்குள் இருக்கிறது. பீங்கான் வேதியியலில் ஊறிய ஒருவர், ஒளி ஊடுருவும் பொருள்கள் மின்சாரத்தைக் கடத்துமா என்ற ஒரே கேள்வியைப் பல ஆண்டுகள் விடாமல் பின்தொடர்ந்ததன் விளைவு அது. அவர் அதை வெற்றிடக் கலத்தில் படியவைத்தார். அதே குடும்ப ஆக்சைடுகளைக் குறைந்த வெப்பநிலையில், குறைந்த செலவில், கரைசலிலிருந்து படியவைத்து உணரிகளுக்கும் அச்சிட்ட மின்சுற்றுகளுக்கும் பயன்படுத்துவது இன்னும் முழுமையாக விடை காணாத சிக்கல். ஈரமும் வெப்பமும் மிகுந்த நம் தட்பவெப்பத்தில் அவை எவ்வளவு காலம் நிலைக்கும் என்ற கேள்வியை, குளிரூட்டிய ஆய்வகங்களில் இருப்பவர்களைவிட நாம் நேர்மையாகச் சோதிக்கலாம். மதுரைக்கு ஒரு குறை இருப்பதாக நினைக்கும் இடத்தில் அதற்கே உரிய ஒரு கேள்வி இருக்கிறது என்பதைத்தான் இத்தனை நீளமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஓர் எச்சரிக்கையும் தேவை. துளைகள் உள்ள படலத்தில் கசிவு மிகும்போது, தாழ்ந்த அதிர்வெண்ணில் அளந்த மின்தேக்குத்திறன் போலியாக உயர்ந்து தெரியும். ஒப்புமை விடுதிறன் நூற்றுக்கணக்கில் வந்துவிட்டது என்று மாணவர்கள் மகிழ்ச்சியோடு ஓடிவருவார்கள். அதிர்வெண்ணை உயர்த்தியும், மின்முனைகளின் பரப்பை மாற்றியும், ஒரே தகட்டில் பல இடங்களில் அளந்தும் பார்த்த பிறகு எஞ்சுவதுதான் உண்மையான மதிப்பு. அந்த மதிப்பு 18 ஆக இருந்தால் 18 என்றே எழுத வேண்டும்.

பணிவாழ்வின் பிற்பகுதியைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். முதல் பத்தாண்டுகள் ஆய்வகத்தைக் கட்டுவதிலும், நிதி முன்மொழிவுகளை எழுதுவதிலும் போகும். முன்பு அறிவியல், பொறியியல் ஆராய்ச்சி வாரியம் கொடுத்த நிதியை, 2023-ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி நிறுவனம் இப்போது கொடுக்கிறது. நிராகரிப்புகள் வரும், மதிப்பீட்டாளரின் குறிப்பைப் படித்துத் திருத்தி மறுமுறை அனுப்புவதும் பணியின் ஒரு பகுதியே. அதன் பிறகு, உங்கள் கைகளால் செய்த வேலை குறைந்து, மாணவர்களின் கைகளால் நடக்கும் வேலை கூடும். 2021 டிசம்பரில் மத்திய அரசு 76,000 கோடி ரூபாயில் அறிவித்த குறைகடத்தித் திட்டத்தின் தொடர்ச்சியாக, குஜராத்தின் தொலேராவில் 28 முதல் 110 நானோமீட்டர் வரையிலான சில்லு ஆலை திட்டமிடப்பட்டிருக்கிறது. அங்கே மென்படலம், இடைமுகம், கசிவு ஆகியவற்றைக் கையால் தொட்டு அறிந்த பொறியாளர்கள் வேண்டும். அவர்களை உருவாக்குவதை என் கட்டுரைகளைவிடப் பெரிய வேலையாக நான் கருதுகிறேன்.

பாண்டியன் விரைவுவண்டி எழுதியது:

நாகமலை ஐயாவின் விளக்கத்துக்குப் பிறகு, இரண்டு வழிகளையும் எதிரெதிராக வைக்க வேண்டியதில்லை என்று தோன்றுகிறது. தங்கை ஆக்சைடு ஆய்வைத் தேர்ந்தெடுத்தால், தாம் அளந்த இடைமுகச் சிக்கல் அடர்த்தியையும் இயக்க எண்ணையும் இட்டு அந்த டிரான்சிஸ்டரைச் சிமுலேஷன் செய்ய நான் உதவுகிறேன். சொந்த அளவீட்டோடு ஒப்பிட்டுச் சரிசெய்த மாதிரி நம் பகுதியிலிருந்து வந்தால், அதை வடிவமைப்பாளர்கள் நிச்சயம் எடுத்தாள்வார்கள். மாதிரிக்குத் தேவையான அளபுருக்களின் பட்டியலைத் தனிச்செய்தியில் அனுப்புகிறேன்.

திருநகர் மாணவி எழுதியது:

மிக்க நன்றி ஐயா, அண்ணன், அக்கா. இன்று மாலை ஆக்சைடு ஆய்வு செய்யும் பேராசிரியரைச் சந்தித்தேன். நிதி பெற்ற திட்டம் ஒன்று அவரிடம் இருக்கிறது. இயற்பியலார் ஒருவரை ஆய்வுக் குழுவில் சேர்ப்பதற்கும் உடன்பட்டார். களிம்பு எங்கே இருக்கிறது என்று கேட்டேன்; அமில அலமாரிக்குப் பக்கத்திலேயே காட்டி, அதன் காலாவதி நாளையும் என்னையே படிக்கச் சொன்னார். சேர்வதற்கு முன்பே ஆய்வகத்துக்கு வந்து பழகலாம் என்று இசைவு தந்திருக்கிறார். அலுமினியம் ஆக்சைடு மின்தேக்கிகள் சிலவற்றைச் செய்து, ஈரப்பதத்தைக் குறித்தபடி கசிவு மின்னோட்டத்தை அளக்கலாம் என்று இருக்கிறேன். முதல் அளவீடுகள் வந்ததும் வரைபடங்களை இந்த இழையிலேயே இடுகிறேன். தயவுசெய்து கடுமையாகக் குறை சொல்லுங்கள்.